நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவே: மட்டக்களப்பு, அம்பாறை வயல்களுக்கான பயிர்ச் சுழற்சி வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வேளாண்மை என்ற சொல்லே நெல்லைத்தான் குறிக்கிறது. குளத்துத் தண்ணீர் கிடைக்கும் வட்டைகளில் (வயற்பரப்புகளில்) மாரிமழைப் பருவமான பெரும்போகத்தைத் தொடர்ந்து, கோடைப் பருவமான சிறுபோகமும் நெல்லாகவே விதைக்கப்படுகிறது. தண்ணீர் கிடைக்காத மானாவாரி வட்டைகள், மாசியில் வெட்டு முடிந்த பிறகு அடுத்த புரட்டாசி வரை மாடு மேயும் தரிசாகக் கிடக்கின்றன. இந்த ஒழுங்குக்கு நியாயமான காரணம் உண்டு. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி தொடக்கம் தை வரை கொட்டும்போது, பள்ளக் காணியில் நெல்லைத் தவிர வேறு எதுவும் உயிரோடு நிற்பதில்லை. ஆகவே பெரும்போக நெல்லைக் கைவிடும்படி இந்த வழிகாட்டி எவருக்கும் சொல்லப்போவதில்லை. மாற்றத்துக்கு இடமிருப்பது மாசி முதல் புரட்டாசி வரையான எட்டு மாதங்களில்தான். அந்த எட்டு மாதங்களில் எந்தக் காணியில், எந்த வாரத்தில், யாரோடு சேர்ந்து என்ன விதைப்பது என்பதே இங்கு பேசப்படும் விடயம்.

நெல்லுக்குப் பின் நெல்லையே விதைக்கும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் தெளிவாக விளங்கிக்கொள்வது நல்லது. அறக்கொட்டியான் என்று நாம் சொல்லும் கபில நிறத் தத்தி நெல்லை மட்டுமே உண்டு வாழ்வது. வட்டையில் எங்காவது ஒரு மூலையில் எப்போதும் பச்சை நெல் நிற்குமானால் அதற்குப் பட்டினிக் காலமே வராது. களை நெல்லின் கதை இன்னும் சிக்கலானது. அது நெல்லின் இனமேயாதலால், சாதாரண நெல் வயலில் நெல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்லும் களைநாசினி கிடையாது. உதிர்ந்த விதை மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். இடையில் ஒரு பயறு (பாசிப்பயறு) விதைத்தால் நிலைமை தலைகீழாகிறது: பயற்றுக்குள் முளைக்கும் களை நெல்லும் நெற்சப்பிப் புல்லும் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், கையால் பிடுங்கலாம், புல்லினத்தை மட்டும் கொல்லும் களைநாசினியையும் தயக்கமின்றித் தெளிக்கலாம். களை நெல் மலிந்த வயலுக்குச் சுழற்சியைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கணிப்பு. மண் வளம், தண்ணீர்ச் சிக்கனம், நீர் தேங்கிய வயலிலிருந்து வெளியாகும் மெதேன் வாயு குறைதல் ஆகியவை அதன்மேல் கிடைக்கும் நன்மைகள்.

படி 1: காணியைத் தரம் பிரித்தல்

ஒரே உரிமையாளரின் மூன்று ஏக்கரும் ஒரே மாதிரியான நிலமாக இருப்பதில்லை. வெட்டு முடிந்து பத்து நாட்களுக்குப் பின் வயலில் நடந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வாய்க்கால் தலைப்பில் உள்ள மேட்டு வரவைகளில் (வரம்பு கட்டிய வயற்துண்டுகளில்) குதிகால் பதியாது. நடுப்பகுதியில் மண் ஈரமாக இருந்தாலும் தண்ணீர் தெரியாது. பள்ளத்தில் அறுவடை இயந்திரத்தின் சில்லுத் தடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கும். மேட்டிலும் நடுவிலும் மாற்றுப் பயிர் செய்யலாம். பள்ளத்தில் செய்ய முயல்வது வீண் செலவு. அங்கே பசுந்தாட் பசளையோடு (பச்சையாகவே மடக்கி உழும் பயிரோடு) நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இப்பகுதி வயல்களில் பெரும்பங்கு, கல்சியமற்ற கபில மண் என்று மண்ணியலாளர் வகுத்துள்ள, மணல் கலந்த இளக்கமான மண்ணாகும். இது தண்ணீரை விரைவாக விட்டுவிடுவதால் நெல்லுக்குக் குறைபாடாகத் தோன்றினாலும் பயறு, கச்சான் (நிலக்கடலை), கௌப்பி ஆகியவற்றுக்கு ஏற்றது. மாறாக ஆற்றோரத்து வண்டலும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் தாழ்ந்த களிப்பகுதிகளும் ஈரத்தை நீண்ட நாள் பிடித்துவைக்கும்; வெடித்துக் காயும்போது பயற்று வேரை அறுத்துவிடும். வாவிக் கரையை ஒட்டிய காணிகளில் பங்குனிக்குப் பின் உப்பு மேலே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வரம்போரத்தில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அங்கே பயற்றினங்களை விதைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்து, ஒரு மீற்றர் நீளமான இரும்புக் கம்பியை ஈர மண்ணில் கையால் அழுத்திப் பார்க்கவும். ஆண்டுக்காண்டு சேற்றுழவு செய்த வயலில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் கம்பி தடைப்பட்டு நிற்கும். அதுதான் உழவால் உருவான கடினப்படை. நெல்லுக்குத் தண்ணீரைத் தாங்கிக் கொடுக்கும் இதே படை, பயற்றின் ஆணிவேரை மேலேயே மடக்கிவிடும். மேட்டு வரவைகளில் மட்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மண் ஓரளவு காய்ந்திருக்கும்போது கொத்துக் கலப்பையால் ஆழ உழுது அதை உடைக்கலாம். நடுக்காணியில் உடைக்க வேண்டாம். அடுத்த பெரும்போகத்தில் தண்ணீர் நிற்காது.

படி 2: காலத்தைக் கணக்கிடுதல்

பயிரைத் தேர்வதற்கு முன்னரே நாட்காட்டியை விரித்துவைக்க வேண்டும். 3½ மாத நெல் இனமொன்றை (பிஜி 94-1, ஏரி 362 போன்றவை) ஐப்பசி முற்பகுதியில் விதைத்தால் மாசி முற்பகுதியில் வெட்டலாம். அதே இனத்தைக் கார்த்திகை நடுப்பகுதி வரை தள்ளிப்போட்டால் வெட்டு பங்குனிக்குப் போய்விடும். மண்ணின் ஈரமும் அதோடு போய்விடும். சுழற்சியின் வெற்றி பெரும்போக விதைப்பு நாளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மழை தாமதித்து விதைப்புப் பிந்தினால், பிஜி 300 போன்ற மூன்று மாத இனத்துக்கு மாறுவது, விளைச்சலில் சிறிது குறைந்தாலும், இடைப்பயிருக்கான வாரங்களைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

இங்கிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. மானாவாரிக் காணியில், மாசி இறுதிக்குள் பயறு விதைத்தால் 60 முதல் 65 நாளில், அதாவது சித்திரை பிற்பகுதியிலோ வைகாசித் தொடக்கத்திலோ காய் பறித்து முடிக்கலாம். மண்ணில் எஞ்சிய ஈரமும், பங்குனி சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு வரும் இடைப்பருவ மழையும் அதற்குப் போதும். செலவு குறைந்த மாற்றுப் பயிர் இது. இரண்டாவது, உன்னிச்சை, நவகிரி, சேனாநாயக்க சமுத்திரம் போன்ற நீர்த்தேக்கங்களின் கீழ் சிறுபோகத் தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்கும் காணி. அங்கு தண்ணீர் பங்குனி சித்திரையிலேயே திறக்கப்படுவதால் இடைப்போகப் பயற்றுக்கு நேரம் கிடைக்காது. சிறுபோகத்தையே மாற்றுப் பயிருக்குக் கொடுப்பதா என்பதுதான் அங்குள்ள கேள்வி. மூன்றாவது, சிறுபோக நெல் வெட்டிய ஆடி ஆவணிக்கும் பெரும்போக உழவுக்கும் இடைப்பட்ட காலம். கச்சான் காற்று என்னும் வறண்ட தென்மேல் காற்று மண்ணை உலர்த்தும் இக்காலத்தில், கிணறோ வாய்க்காலின் கடைசித் தண்ணீரோ இல்லாமல் காய் பறிக்கும் பயிர் எதையும் தொடங்கக் கூடாது. காய் முற்றும் வேளையில் புரட்டாசி மழை முந்திக்கொண்டால் பயறு செடியிலேயே முளைத்துவிடும்.

படி 3: வட்டைக்காரரோடு பேசி ஒப்புக்கொள்ளுதல்

பொதுவான விவசாயக் கையேடுகள் இந்தப் படியைத் தொடுவதேயில்லை; இங்கு முயற்சிகள் முறிவது பெரும்பாலும் இதில்தான்.

பெரும்போகத்தில் மேய்ச்சல் தரைக்குச் சென்ற மாடுகள் வெட்டு முடிந்ததும் வயலுக்குத் திரும்புகின்றன. வைக்கோலையும் தாளடியையும் மேய்வது அவற்றுக்கு நீண்டகால வழக்கம்; மாடு வளர்ப்போரும் நம்மவரே. நூறு ஏக்கர் தரிசின் நடுவே ஒருவர் மட்டும் அரை ஏக்கர் பயறு விதைத்தால், அந்த அரை ஏக்கருக்கு ஊர் மாடு முழுவதும் வந்து சேரும். சிறுபோகத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது: மேல் வரவையிலும் பக்கத்து வரவையிலும் நெல்லுக்குக் கட்டிய தண்ணீர் வரம்புக்குக் கீழால் கசிந்து, நடுவிலிருக்கும் கௌப்பியை வேரோடு அழுகவைத்துவிடும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. அடுத்தடுத்த காணிக்காரர் சிலராவது சேர்ந்து, ஒரே வாய்க்காலின் கீழுள்ள ஒரு கண்டத்தை (வயற்தொகுதியை) முழுமையாக மாற்றுப் பயிருக்கு ஒதுக்க வேண்டும். பத்துப் பதினைந்து ஏக்கர் ஒன்றாக இருந்தால் வேலிச் செலவும் காவலும் பகிரப்படும். மயிலும் பன்றியும் செய்யும் சேதமும் ஒருவர் தலையில் விழாது. இதைக் கமக்காரர் அமைப்பில் முதலில் பேசி, வட்டையின் தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரின் சம்மதத்தோடு பருவ ஆரம்பக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் கடைசி நாள், மாடுகளை அகற்றும் நாள் எல்லாம் அங்குதான் தீர்மானமாகின்றன. அங்கு எழுதப்படாத ஏற்பாட்டைப் பின்னர் எவரிடமும் வற்புறுத்த முடியாது. குறிப்பாக மாற்றுப் பயிர்க் கண்டத்துக்கு நெல்லுக்குரிய முறையிலல்லாமல், நீண்ட இடைவெளியில் குறைந்த நேரம் தண்ணீர் விடும்படி கேட்டுப் பதிவு செய்விக்க வேண்டும். எந்தப் பயிருக்குக் காப்புறுதியும் மானியமும் உண்டு என்பதையும் அந்த வேளையிலேயே கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

வயற்காணிகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், வயலை நிரப்பி மேடாக்குவதும் தென்னை போன்ற நீண்டகாலப் பயிர் வைப்பதும் இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராத, அனுமதி வேண்டிய காரியங்கள்.

படி 4: பயிரைத் தேர்தல்

பயறு, கௌப்பி, உழுந்து, கச்சான் ஆகிய பயற்றினங்களே முதல் தெரிவு; இவற்றின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகிறது. பயறும் கௌப்பியும் ஈரக்குறைவைத் தாங்குபவை, இரண்டு மாதப் பயிர்கள். உழுந்துக்கு இன்னும் சில நாள் அதிகம் தேவை. கச்சானுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். ஆகவே அது சிறுபோகத் தண்ணீருள்ள மணற்பாங்கான மேட்டு வரவைக்கே உரியது. பூக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 100 கிலோ அளவில் ஜிப்சம் இட்டு மண் அணைத்தால்தான் காய் நிறையும், ஏனெனில் கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தைச் சூழவுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுகிறது.

சோளத்தைப் (மக்காச்சோளத்தைப்) பலர் மாற்றுப் பயிராகக் கருதுகின்றனர். நெல்லோடு ஒப்பிட்டால் தண்ணீர் குறைவாகக் கேட்கிறது, நெற்பூச்சிகளின் தொடரையும் அறுக்கிறது என்பவை உண்மை. ஆனால் அதுவும் தானியமே; யூரியாவை நெல்லைவிட அதிகமாகவே கேட்கும். நெல், சோளம், மீண்டும் நெல் என்ற சுற்று மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் சுற்றாகும். 2018 இல் அம்பாறைச் சோளச் சேனைகளைத் தாக்கிய படைப்புழு இன்னும் போய்விடவில்லை. யானை வரும் எல்லைக் கிராமங்களில் சோளம் அதற்கு அழைப்பு விடுத்தது போலாகும். சோளம் செய்வதானால் இரண்டு வரிசைக்கிடையே கௌப்பியையும் விதைக்க வேண்டும். குரக்கனும் இறுங்கும் மானாவாரி மேட்டுநிலத்துக்குப் பொருத்தமானவை. அங்கு பெரும்போகத்தில் குரக்கனோ சோளமோ, சித்திரை மழையோடு எள்ளு, அடுத்த பெரும்போகத்தில் கச்சான் அல்லது கௌப்பி என்று மாற்றிக்கொள்ளலாம்.

வத்தகையும் வெள்ளரியும் பணம் தரக்கூடியவை. எல்லோரும் ஒரே வாரத்தில் அறுவடை செய்தால் வீதியோரத்தில் குவிந்து கிடப்பவையும் அவையே. கண்டத்தின் சிறு பங்கோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

படி 5: வெட்டிலிருந்து விதைப்பு வரை

மாசிப் பயற்றில் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும். வெட்டுக்கு இரு வாரம் முன்னரே வயலின் தண்ணீரை முழுமையாக வடியவிட்டால், அறுவடை இயந்திரம் பள்ளம் தோண்டாது. வைக்கோலை எரிக்க வேண்டாம். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலிலேயே இருக்கிறது. நெருப்பு வைத்தால் நைதரசன் புகையோடு போய்விடும், எஞ்சும் சாம்பலைக் காற்றும் மழையும் கொண்டுபோகும். இயந்திரம் வரிசையாகக் கொட்டிய வைக்கோலைக் கையால் பரப்பிவிட்டாலே போதும்.

பத்து சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசையவும். உருண்டை பிடித்து, இடுப்புயரத்திலிருந்து விட்டால் உடைந்து சிதறினால் அன்றே உழலாம். தட்டையாக அப்பிக்கொண்டால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் காலம் கடந்துவிட்டது. உழவு ஒருமுறை, ஆழமில்லாமல், விதைப்பும் மூடலும் அதே நாளில் முடியும்படி இருக்க வேண்டும். காலையில் உழுது மறுநாள் விதைத்தால் மேல்மண்ணின் ஈரத்தை வெயில் குடித்துவிடும்.

பெரும்போகத்தில் தெளித்த களைநாசினியின் எச்சம் பயற்றைப் பாதிக்குமோ என்ற ஐயம் இருந்தால், வெட்டுக்கு முன்னரே வயலின் சில இடங்களில் மண் எடுத்து இரண்டு தகரப் பேணிகளில் நிரப்பி, களைநாசினி படாத வளவு மண்ணை மூன்றாவது பேணியில் நிரப்பி, மூன்றிலும் பயறு போட்டுப் பத்து நாள் பார்க்கலாம். வயல் மண்ணில் முளைத்தவை மட்டும் குறுகி மஞ்சளித்தால், அந்த வரவையை இம்முறை விட்டுவிட வேண்டும்.

படி 6: பயற்றை வளர்த்தல்

ஏக்கருக்கு ஏறத்தாழ 12 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர் என்பது விவசாயத் திணைக்களத்தின் நெடுநாள் பரிந்துரை. வீசி விதைப்பது வேகமானது, ஆனால் களை எடுக்கப் புகமுடியாமல் போகும். கூலி மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதைச் செய்பவர் களையெடுப்பில் இரட்டிப்பாகக் கொடுக்கிறார். நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வது அவசியம்.

வரவையைச் சுற்றி வரம்போரமாக ஒரு சாண் ஆழத்தில் வடிகால் வெட்டி, அதைப் பள்ளத்துப் பக்கம் திறந்துவிட வேண்டும். சித்திரை மழை ஒரே பின்னேரத்தில் வயலை நிரப்பிவிடக்கூடியது. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயறு திரும்பி எழுவதில்லை. சிறுபோகத்தில் தண்ணீர் பாய்ச்சிச் செய்பவர்கள் ஒரு மீற்றர் அகல மேட்டுப் பாத்தியும் இடையே சாலும் அமைத்து, சாலில் மட்டும் தண்ணீர் விடுவது பாதுகாப்பானது.

முளைத்து முதல் மூன்று வாரங்களில், இலையில் முட்டையிடும் சிறிய கறுப்பு ஈயின் புழு தண்டைக் குடைந்து செடியை வாட்டும். அதன் பின்னர் இலையில் மஞ்சள் திட்டுகள் பரவினால் அது வெண்ணிற ஈ கொண்டுவரும் வைரசு நோய். மருந்து தெளித்துக் குணப்படுத்த இயலாது, முதலில் தெரியும் செடிகளைப் பிடுங்கிப் புதைப்பதே செய்யக்கூடியது. களையெடுப்பு இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் நடந்தால், பிறகு இலை மூடிக்கொள்ளும்.

முப்பத்தைந்தாம் நாளளவில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்கட்டியோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் மெதுவாக அலசிப் பார்க்கவும். வேரில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறம் நைதரசன் பிடிக்கும் வேலை நடப்பதைக் காட்டுகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு செயலற்றுக் கிடக்கிறது. யூரியாவை அள்ளிப் போட்ட பயற்றில் இப்படித்தான் ஆகும். இலகுவில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு செடி தானாகப் பிடிப்பதை நிறுத்திவிடும். ஆகவே அடிக்கட்டாக, அதாவது விதைக்கும்போது, இடும் சிறிதளவுக்கு மேல் யூரியா வேண்டாம்.

காய் கறுக்கத் தொடங்கியதும், பனி உலராத காலை வேளையிலேயே பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வெடித்துச் சிதறும். வழக்கமாக இரண்டு, சில வேளை மூன்று பறிப்பு. செலவில் மிகப்பெரியது இந்தப் பறிப்புக் கூலிதான், விதைக்கும் முன்னரே ஆள் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 7: நெல்லுக்குத் திரும்புதல்

பயறு விதைத்துவிட்டால் மண் தானாக வளமாகிவிடும் என்ற பேச்சு பாதி உண்மை. பிடித்த நைதரசனில் நல்ல பங்கு காயோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. செடியையும் வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, கொடியை மாட்டுக்குப் போட்டால் வயலுக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. காயை மட்டும் பறித்து, செடி பச்சையாக இருக்கும்போதே உழுது புதைத்தால்தான் மண்ணுக்கு ஆதாயம். அதிலும் காலம் முக்கியம்: சித்திரையில் புதைத்துவிட்டு ஐப்பசி வரை வெறும் மண்ணாக விட்டால், உருவான நைத்திரேற்று முதல் மழையில் கழுவப்பட்டும், சேற்றில் வாயுவாகியும் போய்விடும். சிறுபோக நெல் உடனே தொடருமானால் பலன் அதற்குக் கிடைக்கும்; தொடராவிட்டால் செடியைப் புதைக்காமல் மண்மேல் போர்வையாக விட்டு, பெரும்போக முதலுழவில் புரட்டுவது மேல்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, 2021/22 பெரும்போக வேளாண்மை மஞ்சளித்து நின்றதை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுழற்சி யூரியாவை முழுமையாக ஈடுசெய்யும் என்று நம்பி அதை ஒரேயடியாக நிறுத்துவது அதே தவறை நாமே வரவழைப்பதாகும். பயறு நின்ற வரவையில் ஒரு பட்டையில் மட்டும் யூரியாவைக் காற்பங்கு குறைத்து, இலையின் பச்சையை ஒப்பிட்டு நைதரசன் தேவையைக் காட்டும் இலை நிற அட்டையை வாரம் ஒருமுறை வைத்துப் பார்த்து, நிறம் இறங்காவிட்டால் அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டலாம்.

பள்ளக் காணிக்கு: சிறுபோக வெட்டு முடிந்ததும் எஞ்சிய ஈரத்தில் சணலோ தக்கைப்பூண்டோ வீசி, ஆறு வாரத்தில், பூ அரும்பும்போது, தண்டு கட்டையாகுமுன் மடக்கி உழுதுவிட வேண்டும். வரம்பிலும் வளவு வேலியிலும் நிற்கும் கிளிசரியா இலையை அதோடு சேர்க்கலாம்.

இரண்டு ஆண்டுத் திட்டம்: ஓர் எடுத்துக்காட்டு

மேடு, நடு, பள்ளம் என ஒவ்வோர் ஏக்கர், சிறுபோகத் தண்ணீர் உள்ள காணி என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டுப் பெரும்போகம் மூன்றிலும் நெல். சிறுபோகத்தில் மேட்டில் கச்சான், நடுவில் கௌப்பி, பள்ளத்தில் நெல், அதன்பின் சணல். இரண்டாமாண்டுப் பெரும்போகம் மீண்டும் மூன்றிலும் நெல். அதன் சிறுபோகத்தில் மேட்டில் சோளமும் ஊடே கௌப்பியும், நடுவில் நெல், பள்ளத்தில் நெல். நடு ஏக்கர் ஓராண்டு விட்டு ஓராண்டு நெல்லுக்குத் திரும்புவதால் வீட்டுச் சோற்றுக்குக் குறைவில்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் நடுவையும் பயற்றுக்கு விட்டு, கிடைக்கும் தண்ணீரைப் பள்ளத்துக்கு ஒதுக்கலாம். 2011 தை மாத வெள்ளம் போன்ற ஒன்று பெரும்போகத்தை அடித்துச்சென்றால், மாசிப் பயறே அந்த ஆண்டின் முதல் வருமானமாகிவிடும். அதற்கான விதை வீட்டில் இருக்க வேண்டும்.

குத்தகைக்குச் செய்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு போகத்துக்கு மட்டும் காணி எடுப்பவர் அடுத்தவருக்காக மண்ணைத் திருத்த மாட்டார், அதில் குறை காண்பதற்கும் இல்லை. காணிக்காரரோடு இரண்டு ஆண்டுக்கு எழுதிக்கொண்டு, இடைப்போகப் பயற்றுக்குத் தனிக் குத்தகை கேட்பதில்லை என்ற உடன்பாட்டையும் அதில் சேர்த்துக்கொண்டால் இருவருக்கும் நன்மை.

விதையைப் பாதுகாத்தல்

மாசி இறுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் விதை தேடுவதால் விலை ஏறும், தரம் இறங்கும். எனவே முதற்பறிப்பிலேயே, நோய்த் திட்டு இல்லாத செடிகளின் காயைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். பாயில் இரண்டு மூன்று நாள் இள வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்தால் நசுங்காமல் வெடிக்கும் பதம் வந்ததும் ஆறவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் கொள்கலனில் விளிம்புவரை நிரப்பி மூடவும். வண்டின் முட்டை வயலிலேயே காயோடு வந்துவிடுவதால், மூன்று வாரம் கழித்து ஒருமுறை திறந்து, பருப்பில் துளையோ மாவோ தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அந்தப் பகுதியைப் பிரித்துச் சமையலுக்கு எடுத்துவிட்டு எஞ்சியதை மீண்டும் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு கொள்கலனிலும் இனத்தின் பெயரையும் பறித்த மாதத்தையும் எழுதி ஒட்டி, தை மாதத்தில் முளைதிறன் பார்த்தபின் விதைப்புக்கு எடுக்கலாம்.